விண்மீனை நிறுத்த வெள்ளிக்கோல்

ஓர் உடுவின் திணிவு சூரியனின் திணிவிலும் மூன்று மடங்குக்கு மேற்பட்டது என்று வான நூலார் எழுதுகின்றனர். அதனைப் படிக்கும் நம்மவருள் ஒரு சாரார் வியப்பர். மற்றொரு சாரார் நகைப்பர். “துலாக்கோலை எடுத்துக்கொண்டு அங்கே போய் வந்தவர் யார்?” என்று இலக்கியம் பயின்ற ஒருவர் வினவினால், அதனைக் குதர்க்கமென்று தள்ளிவிடுதல் தகாது. அது நேரிய வினா. ஒளி புறப்பட்டு வந்து சேர்வதற்கே ஏறக்குறைய 90 ஆண்டு செல்லும் தொலைவிலுள்ள ஒன்றை, நிறுத்தேன், அளந்தேன், அதன் சூட்டையும் கண்டேன் என்று ஒருவர் சொல்வாராயின், எவ்வாறு கண்டீர் என்று கேட்கும் உரிமை கேட்போர்க்கு உண்டு. மாணாக்கராயின் கேட்டேயாகவேண்டும்.

தமிழிலே அளவை என்னுஞ் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நாழியாலும் மரக்காலாலும் கோலாலும் அளப்பதும் அளவை. ஒரு பொருளின் உண்மையை அறிதற்குக் கருவியாகிய பிரமாணமும் அளவை. மணிமேகலையிலே சமயக்கணக்கர் தந்திறங் கேட்ட காதையில் விரித்துரைக்கப்படுவன இப் பின்னைய அளவைகளே. காண்டல் ஒன்று, கருதல் மற்றொன்று. புகையைக் கண்டு நெருப்பு உண்டெனத் துணிதல் கருதலளவைக்கு எல்லோரும் காட்டும் உதாரணம். விண்மீனை அளக்கப் புகுவோர்க்கு இவ்விரு பொருளும் ஒன்றாய்விடுகின்றன. அங்கே கருதலளவைதான் கோலும் மரக்காலும். அக்கோலை மனிதன் எவ்வாறு செய்துகொண்டான் என்பதை ஒரே உடுவின் வரலாற்றை வைத்துச் சொல்லலாம்.

தனித்து நிற்கும் உடு தன் திணிவைத் தானாகச் சொல்லாது. பெரிய தொலைநோக்கியாற் பார்ப்பினும் உடுக்கள், மிகச் சில நீங்கலாக, வெறும் ஒளிப்புள்ளிகளாகவே தோன்றும். திணிவு என்பது ஒரு பொருள் மற்றொன்றை ஈர்க்கும் ஈர்ப்பினாலே வெளிப்படுவது. சூரியனின் திணிவை நாம் அறிந்ததும் பூமி முதலிய கோள்கள் அதனைச் சுற்றிவரும் கணக்கினாலன்றோ? ஆதலின் ஓர் உடுவை நிறுப்பதற்கு அதற்கு ஒரு துணை வேண்டும்.

துணையோடு வாழ்தல் உடுக்களிடையே அரிதன்று. மணவறையிலே மணமகளுக்கு அருந்ததி காட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வருந்ததிக்குப் பக்கத்தே நிற்கும் வசிட்டன் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் தொலைநோக்கிக்கு இரண்டாய்ப் பிரியும். அவ்விரண்டில் ஒன்றும் தன்னுள்ளே இரண்டு என்பதை அமெரிக்க வான நூலாராகிய பிக்கறிங் 1889இல் வெளியிட்டார். ஆயினும், நாம் விரும்பும் அளவுகள் யாவும் கிடைப்பதற்குத் துணை இருந்தால் மாத்திரம் போதாது. இரண்டும் சுற்றும் தளம் நம் பார்வைக்கு விளிம்பாக அமைந்து, ஒன்று மற்றொன்றை நமக்கு மறைக்கவும் வேண்டும். வசிட்டனிடத்தே அம்மறைப்பு நிகழ்வதில்லை. மறைக்கும் இரட்டைகளுள் முதன்முதல் அறியப்பட்டது அல்கொல் என்னும் உடு.

அல்கொல் பேர்சியசு என்னும் உடுக்கூட்டத்தைச் சேர்ந்தது. கிரேக்கர் கதையிலே பேர்சியசு என்னும் வீரன் மெடூசா என்ற கொடியாளின் தலையைக் கொய்து கையிலேந்தி நிற்கின்றான். அத்தலையைக் குறிக்கும் உடுவை அராபியர் பேயின் தலை என்னும் பொருள்பட வழங்கினர். அல்கொல் என்பது அதன் மரூஉ. உடுவின் ஒளி மாறுவதைக் கண்டு அஞ்சியே பேயென்று பெயரிட்டனர் என்பாரும் உளர். கதை நன்றாக இருக்கிறதென்பதற்காக அதனை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கிரேக்கர் சொன்ன தலையின் மொழிபெயர்ப்பாகவே அப்பெயரைக் கொள்ளலாம். ஒளி மாறுதலை ஐரோப்பாவில் முதலிற் குறித்து வைத்தவர் இத்தாலியராகிய மொன்ரனாரி. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் அதனைக் குறித்தார். எத்துணைக் காலத்துக்கு ஒருமுறை மாறுகின்றது, ஏன் மாறுகின்றது என்ற வினாக்கள் நூறாண்டுக்கு மேலாக அப்படியே கிடந்தன.

அவற்றை எடுத்துக்கொண்டவர் பதினெட்டு வயது இளைஞர். யோன் குட்ரிக் என்பது அவர் பெயர். 1764இல் ஒல்லாந்து தேசத்துக் குரோனிங்கன் நகரில் ஆங்கிலக் குடும்பமொன்றிற் பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் வந்த கடுநோயினால் செவிப்புலனை முற்றாக இழந்தவர். அக்காலத்திலே செவிகேளாப் பிள்ளைக்குக் கல்வி இல்லையென்றே பெரும்பாலோர் எண்ணினர். ஆயின் எடின்பரோ நகரில் தோமசு பிரெயிட்வுட் என்பார் அத்தகைய பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை நடத்தினார். குட்ரிக் அங்கே பயின்று, பின்னர் வொறிங்ரன் கழகத்திலே கணிதமும் கற்றார். ஒரு பிள்ளையின் வாயடைப்பைக் கண்டு அறிவும் அடைபட்டதென்று துணிந்துவிடாத ஆசிரியர்கள் இருந்தமையாலன்றோ இவ்வரலாறு உண்டாயிற்று! ஆசிரியராயிருப்போர் இவ்விடத்திலே சற்று நின்று செல்லலாம்.

இங்கிலாந்திலே யோர்க் நகரில் குட்ரிக்கின் வீட்டுக்கு அண்மையில் எட்வேட் பிகொற் என்னும் வானாராய்ச்சியாளர் வசித்தார். வயதில் மூத்தவரேனும் அவர் குட்ரிக்குக்கு உற்ற நண்பர். ஒளி மாறும் உடுக்களைக் கவனிக்கும்படி இளைஞரைத் தூண்டியவர் அவரே. 1782ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் திகதி இரவு குட்ரிக் அல்கொலை நோக்கினார். அது வழமையான ஒளி குன்றி நின்றது. ஓர் உடு இத்துணை விரைவாக மாறக்கூடுமென்பதை அவர் எளிதில் நம்பவில்லை. தம் கண்ணின் பிழையோ, வளியின் குறையோ என்று ஐயுற்றார். பின்பு வானந் தெளிந்த இரவுகளிலெல்லாம் அதனை அயலுடுக்களோடு ஒப்பிட்டுக் குறித்து வந்தார். அவ்வாறு ஒப்பிடுவதற்கு வேண்டிய கருவி கண்ணும் கடிகாரமும் பொறுமையுமே.

ஏறத்தாழ 2 நாள் 20 மணி 45 நிமிடத்துக்கு ஒருமுறை ஒளி குன்றுகின்றது என்று 1783இல் அவர் இலண்டன் றோயல் சங்கத்துக்கு அறிவித்தார். ஒருமுறை குன்றுவதற்கும் மறுமுறை குன்றுவதற்கும் இடையேயுள்ள நேரத்தை நேரே அளந்தால் சில நிமிடப் பிழை நேரும். பற்பல சுற்றுக்களை ஒருங்கே எண்ணி, மொத்தக் காலத்தைச் சுற்றின் தொகையால் வகுத்தால் அப்பிழை சிதறிச் சிறுத்துவிடும். இவ்வுபாயத்தினாலே பின்னர் அவர் காலத்தை 2 நாள் 20 மணி 49 நிமிடம் எனத் திருத்தினார். இன்றுள்ள நுண்கருவிகள் தரும் விடையும் அதுவே. வேறுபாடு சில செக்கன்கள்தாம்.

காலத்தைச் சொன்னதோடு காரணத்தையும் சொல்ல முயன்றார். அல்கொலை ஒரு பெரிய இருண்ட பொருள் சுற்றிவந்து இடையிடையே மறைக்கக்கூடும். அல்லது அல்கொலின் மேனியில் கரும்புள்ளிகள் இருந்து, அது தற்சுழற்சியால் அப்பக்கத்தை நமக்குக் காட்டக்கூடும். இவ்விரண்டையும் அவர் முன்வைத்தார். மறைப்பென்ற கருத்து முதலில் பிகொற்றின் உள்ளத்திலே தோன்றியதென்று வரலாற்றாராய்ச்சியாளர் சிலர் கூறுவர். யாருடையதாயினும், அதைத் துணிபாகக் கூறாது கருதுகோளாகவே கூறிய அடக்கம் பாராட்டத்தக்கது. றோயல் சங்கம் அவ்வாண்டே அவருக்குக் கொப்ளிப் பதக்கம் வழங்கியது. 1786 ஏப்ரில் 16இல் அவரைத் தன் அங்கத்தவராகவும் தெரிந்தது. நான்கு நாளின் பின் அவர் இறந்தார். அப்பொழுது அவருக்கு வயது 21.

மறைப்புக் கருத்து உடனே வெற்றி பெறவில்லை. வில்லியம் ஹேர்ஷல் தமது சிறந்த தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தும் அல்கொல் தனித்த உடுவாகவே தோன்றியது. துணையைக் காணோமே! காண்டல் மறுத்துவிட்டது, கருதல் காத்திருக்க வேண்டியதாயிற்று. நூறாண்டுக்கு மேல் அது காத்திருந்தது.

புகையிரதம் ஊதிக்கொண்டு நம்மை நோக்கி வரும்போது ஊதலின் சுருதி உயர்ந்தும், நம்மைக் கடந்து செல்லும்போது தாழ்ந்தும் கேட்பதை அறிவோம். ஒளிக்கும் இவ்வியல்பு உண்டு. நம்மை நோக்கி வரும் உடுவின் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமாகவும், அகலும் உடுவின் கோடுகள் செம்மைப் பக்கமாகவும் சிறிது விலகும். இதனைத் தொப்பிளர் விளைவு என்பர். விலகலை அளந்தால் வேகம் கிடைக்கும். ஜெர்மனியிலே பொற்ஸ்டாம் வானாய்வு நிலையத்தில் ஹேர்மன் வோகெல் என்பார் அல்கொலின் நிறமாலையைப் படம்பிடித்து, 1889இல் தம் முடிபைக் கூறினார். ஒளி குன்றுமுன் அல்கொல் நம்மைவிட்டு அகலுகின்றது. குன்றியபின் நம்மை நோக்கி வருகின்றது. துணையொன்றின் பின்னே சென்று மறைந்து மீளும் உடு எவ்வாறு அசைய வேண்டுமோ அவ்வாறே அது அசைகின்றது. கரும்புள்ளிக் கொள்கைக்கு இங்கே இடமில்லை. செவிகேளாத இளைஞரின் கருத்தை மெய்ப்பித்தது, ஊதலின் சுருதியை மாற்றும் அதே நியதி!

வோகெலுக்குக் கிடைத்தவை ஒளிமிக்க உடுவின் கோடுகள் மாத்திரமே. ஆதலின் இரண்டுக்கும் அடர்த்தி ஒன்றே என்று வைத்துக்கொண்டு அவர் கணக்கிட்டார். துணையானது அல்கொலினுஞ் சிறிதாய் ஏறக்குறையச் சூரியனளவினதாய் வந்தது. வைத்துக்கொண்டது பிழையாயின் வந்ததும் பிழையாகும் என்பதற்கு இஃது உதாரணம், பின்னர்க் காண்போம். 1910இல் அமெரிக்காவிலே யோவல் ஸ்ரெபின்சு செலனியம் என்னும் மூலகத்தாலான ஒளிமானியைக் கொண்டு, பெருமறைப்புக்கள் இரண்டுக்கு நடுவே மிகச் சிறிய ஒளிக்குறைவு ஒன்று இருப்பதைக் கண்டார். ஒளியுடு முன்னே வந்து துணையை மறைப்பதால் வரும் குறைவு அது. எனவே துணை இருண்ட பொருளன்று; மங்கலாயினும் அதுவும் ஓர் உடுவே. அதன் நிறமாலைக் கோடுகள் 1978இலேதான் பிடிபட்டன. ரொம்கின், லம்பேட் என்னும் இருவர் அவற்றைப் பிரித்தறிந்தனர்.

இரு உடுவின் வேகமும் கைக்கு வந்தவுடன் நிறுத்தல் எளிதாயிற்று. நம் முன்னோர் வழங்கிய வெள்ளிக்கோலை நினைவுகூர்க. சமதட்டுத் தராசு போலன்றி, அதிலே தாங்கும் இடம் நடுவில் இராது. பாரமான பொருள் தாங்கிக்கு அருகிலும் இலேசான குண்டு தாங்கிக்குச் சேய்மையிலும் நின்று சமன் செய்யும். கிணற்றுத் துலாவிலும் இந்நியதியைக் காணலாம். இரட்டை உடுக்களும் அவ்வாறே தமக்கு இடையேயுள்ள ஒரு புள்ளியைச் சுற்றுகின்றன. பாரமானது அப்புள்ளிக்கு அருகே சிறு வட்டத்தில் மெல்லச் செல்லும்; இலேசானது பெரு வட்டத்தில் விரைந்து செல்லும். ஒரே காலத்தில் இரண்டும் சுற்றி முடிப்பதால் வேகங்களின் விகிதமே கோலின் இரு புயங்களின் விகிதம்.

அண்மைக் காலத்து அளவைகளின்படி ஒளியுடு செக்கனுக்கு ஏறத்தாழ 44 கிலோமீற்றரும், துணையுடு 194 கிலோமீற்றரும் செல்கின்றன. இரண்டையும் கூட்டினால் 238. சுற்றுந் தளம் நம் பார்வைக்கு மிகச் சிறிது சரிந்திருப்பதற்காகத் திருத்தினால் 240 எனலாம். ஒரு சுற்றின் காலம் 2,47,700 செக்கன். பெருக்கினால் 5 கோடியே 95 இலட்சம் கிலோமீற்றர் வருகின்றது. இது வட்டத்தின் சுற்றளவு. அதிலிருந்து ஆரையை எடுத்தால் இரு உடுக்களுக்கும் இடையேயுள்ள தூரம் ஏறத்தாழ 95 இலட்சம் கிலோமீற்றர். புதன் சூரியனிலிருந்து நிற்கும் தூரத்திலும் இது ஆறு மடங்கு குறைவு.

இனி நியூற்றனின் நியதி. பூமிக்கும் சூரியனுக்கும் இடையேயுள்ள தூரத்தில் இது ஏறத்தாழ 15.8இல் ஒரு பங்கு. சுற்றுங் காலம் ஓர் ஆண்டில் 127.4இல் ஒரு பங்கு. தூரப் பங்கின் கனத்தைக் காலப் பங்கின் வர்க்கத்தால் வகுத்தால் 4.1 வரும். இரண்டின் திணிவும் சேர்ந்து 4.1 சூரியன் என்பது பொருள். அதனை வெள்ளிக்கோலின் விகிதப்படி, 194க்கு 44 ஆகப் பங்கிட்டால் ஒளியுடுவுக்கு ஏறத்தாழ 3.4 சூரியனும் துணையுடுவுக்கு முக்காற் சூரியனும் வரும். “போய் நிறுத்தவர் யார்?” என்ற வினாவுக்கு விடை இதுவே. மேல்வகுப்பு மாணாக்கன் ஒருவன் கொப்பியிலே கால் மணியிற் செய்து பார்க்கலாம்.

பருமனைத் தருவது மறைப்பு. மறைப்புத் தொடங்கி முடிய ஏறக்குறைய 10 மணித்தியாலம் செல்லும். செக்கனுக்கு 240 கிலோமீற்றராக ஒன்று மற்றொன்றைக் கடந்து செல்லும் தூரம் அந்நேரத்தில் 86 இலட்சம் கிலோமீற்றர். இரு விட்டங்களின் கூட்டுத்தொகை ஏறக்குறைய இதுவாகும். மறைப்பு நடுவூடாகச் செல்லாது சிறிது விலகிச் செல்வதால் உண்மை சற்றுக் கூட. ஒளி குறைந்து ஏறும் வரைபின் வளைவை நுணுகி ஆராய்ந்து ஒவ்வொன்றையும் பிரித்தெடுப்பர். சரிவு எவ்வளவு என்பதையும் அவ்வளைவே காட்டும். இம்முறையை 1912 அளவில் ஒழுங்குபடுத்தியவர் ஹென்றி நொறிஸ் றசல். ஒளியுடுவின் ஆரை ஏறத்தாழ 20 இலட்சம் கிலோமீற்றர். துணையினுடையது 24 இலட்சம். வோகெல் சிறிதென்று கணித்த துணையே பெரிது! மேலே சொல்லிய சரிவு தெரியாதவிடத்து, வேகத்தை எத்துணைத் துல்லியமாக அளந்தாலும் திணிவுக்குக் கீழெல்லை மாத்திரமே கிடைக்கும். மறைக்கும் இரட்டைகளை வான நூலார் பொன்னேபோற் போற்றுவதற்குக் காரணம் இதுதான்.

வெப்பநிலையையும் மறைப்புக்களின் ஆழம் காட்டிக்கொடுக்கும். இரு மறைப்பிலும் மறைவது ஒரே அளவான பரப்பு. அப்பரப்பு ஒளியுடுவில் மறையும்போது மொத்த ஒளியில் நூற்றுக்கு எழுபது பங்கு அளவு போய்விடுகின்றது. துணையில் மறையும்போது ஐந்தாறு பங்கே போகின்றது. ஆகவே ஒளியுடுவின் மேனி அத்துணை மடங்கு பிரகாசமானது. நிறமாலையையுஞ் சேர்த்து நோக்கி ஒன்றுக்குப் 12,000 பாகைக்கு மேலும் மற்றதற்கு 5,000 பாகையளவும் வெப்பநிலை கூறுவர். கெல்வின் அளவையில் சூரியனின் மேனி 5,800 பாகையளவு.

அளந்து முடித்தபின் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. திணிவு மிக்க உடு தன் எரிபொருளை விரைந்து செலவிட்டு விரைவில் முதுமையடையும் என்பது வான நூலின் அடிப்படை. இரட்டையர் ஒருங்கே பிறந்தவர். அங்ஙனமாயின் 3.4 சூரியனளவு கொண்டதே முதலில் முதுமையடைந்து பருத்திருத்தல் வேண்டும். அல்கொலிலோ முக்காற் சூரியனளவான தம்பி நரைத்துப் பருத்து நிற்க, அண்ணன் இளமையோடு விளங்குகின்றான். அளவு பிழையோ, கொள்கை பிழையோ என்று பலர் மயங்கினர். 1955இல் குறோவேட் என்பார் இரண்டும் பிழையன்று என்று காட்டினார். இன்று இலேசாயிருக்கும் துணையே ஆதியில் திணிவு மிக்கது. அது முதுமையடைந்து பருத்தபோது, அண்மையில் நின்ற மற்றதன் ஈர்ப்பு அதன் மேற்படையை இழுத்துக்கொண்டது. மூத்தவன் செல்வம் இளையவனிடம் சென்று சேர, இப்பொழுது நாம் காண்பது பங்கு மாறியபின் உள்ள கணக்கு. கோலை நம்பி அளவைக் கைவிடாது நின்றமையாலேயே உடுக்களின் வாழ்க்கை வரலாற்றில் இப் புதிய அத்தியாயம் கிடைத்தது.

இவ்விருவரையும் 680 நாளளவுக்கு ஒருமுறை சுற்றிவரும் மூன்றாவது உடுவும் ஒன்று உண்டு. அதன் திணிவு ஒன்றரைக்கும் ஒன்றேமுக்காற் சூரியனுக்கும் இடைப்பட்டது. மறைப்பில் அதற்குப் பங்கில்லை.

ஹேர்ஷலுக்குக் கிட்டாத காண்டல் 2012இல் கிட்டியது. கலிபோர்னியாவிலே மவுண்ட் வில்சன் மலைமேல் தொலைநோக்கிகள் பலவற்றின் ஒளியை ஒன்றுசேர்க்கும் சாரா என்னும் அமைப்பைக் கொண்டு அல்கொலின் இரு உடுக்களையும் பிரித்துப் படமாக்கி வெளியிட்டனர். துணை உருண்டையாயிராது ஈர்ப்பினால் இழுபட்டிருப்பதும் அப்படத்திலே தெரிந்தது. இரண்டுக்கும் இடையே வானிலே தோன்றும் இடைவெளி ஒரு விகலையின் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவே. டில்லியில் வைத்த ஒரு நாணயத்தின் குறுக்களவை யாழ்ப்பாணத்திலிருந்து பார்ப்பது போன்றது அது.

நம் நாட்டிலே கார்த்திகை தொடக்கம் மாசி வரை முன்னிரவில் அல்கொலைக் காணலாம். கார்த்திகை மீன் கூட்டத்துக்கு வடக்கே சற்று மேற்காக நோக்குக. வட வானிலே உச்சம் பெறும்போது அடிவானிலிருந்து 60 பாகைக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் நிற்கும். வழமையான நாளில் அயலிலுள்ள அல்மாக் என்னும் உடுவுக்கு ஒப்பாக ஒளிரும். மறைப்பின் நடுவில் மூன்றிலொரு பங்கு ஒளியே எஞ்சும். குறைவதற்கு ஐந்து மணி, ஏறுவதற்கு ஐந்து மணி ஆதலின் மாணாக்கர் அரைமணிக்கு ஒருமுறை அயலுடுக்களோடு ஒப்பிட்டு எழுதிவந்தால் போதும். ஓரிரவு 11 மணிக்கு அது மிகக் குன்றக் கண்டால், மூன்றாம் நாள் இரவு 7 மணி 49 நிமிடத்துக்கு மீண்டும் பார்க்கலாம்.